காலி இருக்கையின் விலை

கூட்டுறவு இயக்கத்தின் கதையை எவர் சொல்லத் தொடங்கினாலும் ராச்டேல் நகரைத் தொடாமல் மேலே செல்வதில்லை. வட இங்கிலாந்தில் மான்செஸ்டர் மாநகருக்கு அண்மையில் உள்ள அந்நகரின் டோட் லேன் என்னும் தெருவில், 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், உழைப்பாளிகள் சிலர் கூடி ஒரு சிறு கடையைத் திறந்தனர். அவர்களுள் கம்பளித் துணி நெய்வோரும் இருந்தனர். அங்கத்தினர் தொகை 28 என்றும், மூலதனம் 28 பவுண்டு என்றும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி என்னும் சில பண்டங்களே அன்று அக்கடையில் இருந்தன. இக்கதையை நம் அங்கத்தினர்கள் பன்முறை கேட்டிருப்பார்கள்.

அவ்வட்டாரத்துக்கு வேறொரு புகழும் உண்டு. பஞ்சாலைகளும் கம்பளி ஆலைகளும் நிறைந்த அப்பகுதியில், 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சனிக்கிழமைகளில் பிற்பகல் இரண்டு மணியோடு பெண்களின் வேலையையும் இளைஞரின் வேலையையும் நிறுத்த வேண்டும் என்று விதித்தது. அவர்களின்றி ஆலை ஓடாது. ஆகவே நாளடைவில் ஆடவர்க்கும் அந்த அரைநாள் ஓய்வு கிடைத்தது. அவ்வோய்வு நேரத்தில் வளர்ந்தோங்கிய விளையாட்டே கால்பந்து. இன்றளவும் இங்கிலாந்தில் கால்பந்து ஆட்டம் தொடங்குவதற்குரிய மரபான நேரம் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணியாக இருப்பது, தறி நின்ற நேரத்தின் நினைவேயாகும்.

விளையாட்டைப் பற்றிய செய்திக்கு நெசவாளரும் பயிரிடுவோரும் படிக்கும் இவ்வேட்டில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். யார் வென்றார், யார் தோற்றார் என்பதைச் சொல்வது நம் நோக்கமன்று. சிறிய கால்பந்துக் கழகம் ஒன்று, தன் மைதானத்துக்கு வரும் மக்களிடம் என்ன விலை வாங்குகிறது, எப்போது வாங்குகிறது, அவ்விலையை யார் முடிவு செய்கிறார்கள் என்பவற்றில் கூட்டுறவாளர் கவனிக்கவேண்டிய பாடம் ஒன்று அடங்கியிருக்கிறது. ராச்டேலைச் சுற்றிய அந்த நெசவுச் சீமையிலேயே இப்பாடம் மூன்று இடங்களில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது.

பருவச் சீட்டு

ரயிலில் நாள்தோறும் வேலைக்குச் செல்வோர் சீசன் டிக்கெட்டு வாங்குவதை நாம் அறிவோம். கால்பந்துக் கழகங்களிலும் அத்தகைய ஏற்பாடு உண்டு. இங்கிலாந்தில் ஆட்டப் பருவம் ஆகஸ்டு மாதம் தொடங்கி மறு ஆண்டு மே மாதத்தில் முடியும். இருபத்துநான்கு கழகங்கள் உள்ள ஒரு பிரிவில் ஒவ்வொரு கழகமும் 46 ஆட்டங்கள் ஆடவேண்டும். அவற்றுள் 23 ஆட்டங்கள் சொந்த மைதானத்தில் நடைபெறும். இந்த 23 ஆட்டங்களுக்கும் சேர்த்து முன்கூட்டியே பணம் கட்டி ஓர் இருக்கையைத் தனக்கென ஒதுக்கிக்கொள்வதே பருவச் சீட்டாகும்.

இதில் கவனிக்கவேண்டிய உண்மைகள் இரண்டு உள்ளன.

முதலாவது, விற்பனையாகும் சரக்கின் இயல்பு. நெய்த சேலை இந்தத் தீபாவளிக்கு விலை போகாவிடில் பொங்கலுக்குப் போகலாம். பழுத்த வாழைத் தாரையும் இரண்டொரு நாள் வைத்திருக்கலாம். ஆனால் இன்றைய ஆட்டத்தில் காலியாகக் கிடந்த இருக்கையை நாளைக்கு விற்க ஒருவராலும் இயலாது. ஆட்டம் முடிந்ததும் அந்தச் சரக்கு அழிந்துவிடுகிறது. மைதானத்தில் இரண்டாயிரம் பேர் அமர்ந்தாலும் பத்தாயிரம் பேர் அமர்ந்தாலும் ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் ஊதியம் ஒன்றே. புல்தரையைப் பேணும் செலவும் விளக்குச் செலவும் ஒன்றே. காவலுக்கும் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதற்கும் ஆகும் செலவு மட்டும் கூட்டத்தோடு சற்று ஏறும்.

இரண்டாவது, பணம் வரும் காலம். பருவச் சீட்டின் பணம் கோடையில், அதாவது ஆட்டம் தொடங்கு முன்னரே, கழகத்தின் கைக்கு வந்துவிடுகிறது. மழைக்கு முன் விதைக்கும் உரத்துக்கும் பணம் தேடும் குடியானவனைப்போல், வருவாயற்ற அம்மாதங்களில் கழகம் தவித்து நிற்கும். அந்நேரத்தில் வரும் இப்பணம் அதற்கு உயிர்நீர். ஆயினும் கணக்கின்படி நோக்கினால் அது இன்னும் ஈட்டப்படாத பணம். இருபத்துமூன்று ஆட்டங்களைக் காட்டி முடிக்கும் வரையில் கழகம் சீட்டு வாங்கியவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. வட்டியில்லாக் கடனாகவும், ஈடில்லாக் கடனாகவும் அதைக் கொடுத்தவர்கள், பெரும்பாலும் மாதச் சம்பளத்தில் வாழும் எளிய குடும்பத்தினர்.

பிராட்ஃபோர்டு செய்த சோதனை

முதற்பாடம் பிராட்ஃபோர்டு நகரினது. யார்க்‌ஷயர் மாவட்டத்தைச் சேர்ந்த அந்நகரைக் கம்பளி நெசவின் தலைநகர் என்று ஒரு காலத்தில் உலகம் அறிந்திருந்தது. பிராட்ஃபோர்டு சிட்டி என்னும் அந்நகர்க் கழகம் 1903இல் தோன்றி, 1911இல் இங்கிலாந்தின் பழம்பெரும் கோப்பையையும் வென்றது. பின்னர் நெடுநாள் தாழ்ந்திருந்து, 1999ஆம் ஆண்டில் உயர்நிலைப் பிரிவை எட்டிற்று. அவ்வுயர்வு நிலைக்கும் என்று நம்பி வரவுக்கு மீறிச் செலவிட்டது. 2001இல் அப்பிரிவிலிருந்து வீழ்ந்தது. 2002இலும் 2004இலும் கடனைத் தீர்க்க இயலாமல் நீதிமன்றப் பாதுகாப்பின் கீழ் நிர்வாகிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. சொந்த மைதானமும் கைவிட்டுப் போயிற்று. தான் ஆடி வந்த இடத்துக்கே வாடகை செலுத்தும் நிலை வந்தது. 2007ஆம் ஆண்டில் நான்காம் பிரிவுக்கு இறங்கி, அடித்தளத்தில் நின்றது.

அந்நிலையில் கழகத்திடம் மிகுதியாக இருந்தது ஒன்றே: காலி இருக்கைகள். ஏறக்குறைய 25,000 பேர் அமரக்கூடிய மைதானத்தில், 2006–07 பருவத்தில் சராசரியாக 9,000 பேருக்கும் குறைவாகவே வந்தனர். அடுத்த பருவத்தில் ஆடப்போவதோ அதற்கும் கீழ்ப்பட்ட பிரிவில். வழக்கமாக இத்தகைய நிலையில் கழகங்கள் விலையைச் சற்று உயர்த்தி, எஞ்சியிருக்கும் விசுவாசிகளிடமே நட்டத்தை ஈடுசெய்ய முயலும். பிராட்ஃபோர்டு நிர்வாகம் அதற்கு நேர்மாறான வழியில் சென்றது. 2007–08 பருவத்துக்கு வயது வந்தோரின் பருவச் சீட்டை 138 பவுண்டாக அறிவித்தது. 23 ஆட்டங்களால் வகுத்தால் ஆட்டம் ஒன்றுக்குச் சரியாக 6 பவுண்டு. ஆட்டத்தன்று வாயிலில் சீட்டு வாங்குவோர் கொடுத்த விலையோ இதைப்போல் இரு மடங்குக்கு மேல்.

விலையைப் பாதியாக்கினால் வாங்குவோர் இரட்டிப்பாக வேண்டும். அப்போதுதான் பழைய வரவு கிடைக்கும். இது சிறு பிள்ளையும் அறிந்த கணக்கு. பாதி விலைக்கு 8,000 சீட்டு விற்றாலும், முழு விலைக்கு 4,000 சீட்டு விற்றாலும் பெட்டியில் சேரும் தொகை ஒன்றே. ஆகவே பாதி விலை வைப்பவன் துணிவுடையவனாக மட்டும் இருந்தால் போதாது. தன் ஊரை அறிந்தவனாகவும் இருக்கவேண்டும். முன்பு வந்து, விலையாலும் மனக்கசப்பாலும் நின்றுபோனவர்கள் எத்தனை பேர் என்று அவன் அளந்திருக்கவேண்டும். பிராட்ஃபோர்டு பெரிய நகரம். அங்கு அத்தகையோர் ஆயிரக்கணக்கில் இருந்தனர். பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பருவச் சீட்டுகள் விற்பனையாயின. முந்திய ஆண்டைவிடத் தாழ்ந்த பிரிவில் ஆடியபோதிலும், சராசரிக் கூட்டம் 13,000ஐத் தாண்டிற்று. நான்காம் பிரிவில் மூவாயிரம் நாலாயிரம் பேரைக் கண்டு மகிழ்ந்த பிற கழகங்கள் இதைக் கண்டு வியந்தன.

ஆனால் கூட்டம் பெருகியதால் வெற்றி பெருகிவிடவில்லை. அப்பருவத்தில் கழகம் பத்தாம் இடத்தில் நின்றது. 2011இலும் 2012இலும் அடுத்தடுத்துப் பதினெட்டாம் இடத்துக்கு வீழ்ந்தது. பதினெட்டாம் இடத்தில் நின்ற கழகத்தைக் காணச் சராசரி 10,000 பேருக்கு மேல் வந்தார்கள் என்பதே இங்குப் போற்றத்தக்க செய்தி. முன்கூட்டிப் பணம் கட்டியவன், ஒரு தோல்விக்காக மறு வாரம் வீட்டில் இருந்துவிடுவதில்லை. மகனையும் மகளையும் அழைத்து வந்து பழகிய தந்தை, அப்பழக்கத்தை எளிதில் கைவிடுவதில்லை. 2013ஆம் ஆண்டில் அக்கழகம் உயர்ந்த பிரிவுகளைச் சேர்ந்த பெருங்கழகங்களை வென்று லீக் கோப்பையின் இறுதி ஆட்டத்தை எட்டியது. அப்பருவத்திலேயே மூன்றாம் பிரிவுக்கும் ஏறியது. இடைப்பட்ட வறண்ட ஆண்டுகளில் விளக்கை அணையாமல் காத்தவர்கள் மலிவுச் சீட்டு வாங்கிய அம்மக்களே. 2015–16 பருவத்துக்கு 149 பவுண்டு என விலை வைத்தபோது சராசரிக் கூட்டம் 18,000ஐ ஒட்டி உயர்ந்தது.

இச்சோதனைக்கு மறுபக்கமும் உண்டு. இங்கிலாந்துக் கழகங்கள் பலவற்றில் அறிவிக்கப்படும் கூட்டத் தொகை, விற்ற சீட்டுகளின் தொகையேயன்றி வாயிலைக் கடந்து வந்தவர்களின் தொகையன்று. ஆறு பவுண்டு கொடுத்தவனுக்கு மழை நாளில் வராமல் இருப்பது பெரிய இழப்பாகத் தோன்றாது. அதனால் சீட்டு விற்றும் இருக்கை காலியாகக் கிடப்பதுண்டு. மேலும், ஒருமுறை இறக்கிய விலையை மீண்டும் ஏற்றுவது கடினம். எல்லாவற்றுக்கும் மேலாக, காலி இடம் மிகுதியாக உள்ள மைதானத்துக்கே இம்முறை பொருந்தும். நாலாயிரம் இருக்கைகளும் நிறைந்துவிடும் கழகம் விலையைப் பாதியாக்கினால், வரவு பாதியாவதைத் தவிர வேறு பயனில்லை.

இயன்றதைக் கொடுங்கள்

இரண்டாம் பாடம் மான்செஸ்டரில் பிறந்தது. அந்நகரின் பெயர்பெற்ற கழகம் மான்செஸ்டர் யுனைடெட். 1878இல் நியூட்டன் ஹீத் என்னும் பகுதியின் ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கிய அணியே பிற்காலத்தில் அப்பெருங்கழகமாக வளர்ந்தது. 2005ஆம் ஆண்டு அதனை அமெரிக்கச் செல்வர் ஒருவர் விலைக்கு வாங்கினார். வாங்குவதற்குப் பெற்ற கடனின் பெரும்பகுதி கழகத்தின் தலையிலேயே ஏற்றப்பட்டது. அக்கடனுக்குரிய வட்டியைச் சீட்டு வாங்கும் தாங்களே சுமக்க நேரும் என்று கொதித்த ரசிகர்களுள் ஒரு பகுதியினர், தங்களுக்கெனப் புதிய கழகம் ஒன்றைத் தொடங்கினர். எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்பது அதன் பெயர்.

நம் கவனத்துக்குரியது அதன் அமைப்பு. அது தனியார் கம்பெனியாகப் பதிவு செய்யப்படவில்லை. பிரிட்டிஷ் கூட்டுறவுப் பண்டகசாலைகள் எந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவாயினவோ, அதே சட்டத்தின் கீழ்ச் சங்கமாகப் பதிவாயிற்று. அங்கத்தினர்கள் ஆண்டுச் சந்தா செலுத்தினர். எவ்வளவு பணம் கொடுத்திருந்தாலும் ஓர் அங்கத்தினருக்கு ஒரே வாக்கு. நிர்வாக சபையை அங்கத்தினர்களே தேர்ந்தெடுக்கின்றனர். அடிப்படைக் கொள்கைகளை ஏழாக வகுத்து எழுதியபோது, நுழைவுக் கட்டணத்தை இயன்ற மட்டும் மக்களால் தாங்கக்கூடிய அளவில் வைத்தல் என்பதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தனர். விலை நிர்ணயத்தைக் காரியதரிசியின் மேசைக்கு விட்டுவிடாமல் சங்கத்தின் சாசனத்திலேயே ஏற்றிவைத்தது சிந்திக்கத்தக்கது.

ஆங்கிலக் கால்பந்தின் ஏணியில் மிகத் தாழ்ந்த படிகளுள் ஒன்றில் அது ஆடத் தொடங்கிற்று. அத்தகைய படியில் இருநூறு முந்நூறு பேர் கூடினாலே பெரிது. எஃப்.சி. யுனைடெடின் முதற்பருவத்தில் சராசரி 3,000 பேர் கூடினர். ஆனால் புதுமையின் வேகம் சில ஆண்டுகளில் தணிந்தது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்று மேற்படிகளுக்கு ஏறியபோதிலும் கூட்டம் குறைந்துகொண்டே வந்து, ஏறக்குறைய 2,000இல் நின்றது. வெற்றி வந்தால் கூட்டம் தானே வரும் என்னும் நம்பிக்கை இங்கும் பொய்த்தது. நாட்டில் பொருளாதார நெருக்கடி முற்றி, வேலை இழந்தோர் தொகை பெருகிய காலமும் அதுவே.

2009ஆம் ஆண்டுக் கோடையில் கழகம் புதியதொரு வழியைக் கைக்கொண்டது. பருவச் சீட்டுக்கு நிலையான விலை இல்லை. 90 பவுண்டுக்குக் குறையாமல் அவரவர்க்கு இயன்றதைக் கொடுக்கலாம் என்று அறிவித்தது. ஆட்டம் ஒன்றுக்குக் கணக்கிட்டால் 90 பவுண்டு என்பது 4 பவுண்டுக்கும் 5 பவுண்டுக்கும் இடைப்பட்டது. வேலையற்றவர் அத்தொகையைக் கட்டலாம். நல்ல சம்பளம் பெறுபவர் அதைவிட மிகுதியாகக் கட்டலாம். எவர் எவ்வளவு கட்டினாலும் கிடைக்கும் சீட்டு ஒன்றே. சீட்டைப் பார்த்து ஏழை இன்னார், செல்வர் இன்னார் என்று ஒருவரும் அறிய இயலாது.

இதைக் கேட்டவுடன், எல்லோரும் 90 பவுண்டை மட்டும் கட்டிவிட்டுப் போய்விடுவார்களே என்று நம்மில் பலர் எண்ணுவோம். அவ்வாறு நடக்கவில்லை. குறைந்தபட்சத் தொகையைவிட மிகுதியாகவே பலர் செலுத்தினர். காரணம் வெளிப்படையானது. அவர்கள் செலுத்திய பணம் அயலாரான முதலாளி ஒருவரின் கடனுக்கு வட்டியாகப் போகவில்லை. வரவு செலவுக் கணக்கு அவர்கள் முன்னிலையில் மகாசபையில் படிக்கப்பட்டது. ஒருவர் மிகுதியாகக் கொடுத்த பத்துப் பவுண்டு, பக்கத்து இருக்கைக்காரர் ஓராண்டு விடுபடாமல் வருவதற்கு உதவிற்று என்பதை அவர் அறிவார். தன்னுடையது என்று ஒருவன் நம்பும் இடத்தில் அவனிடம் விலையைக் கேட்கும் முறையே மாறிவிடுகிறது.

2010ஆம் ஆண்டு நவம்பரில் இக்கழகம் கோப்பைப் போட்டியொன்றில் தன்னைவிட நான்கு பிரிவுகள் மேற்பட்ட ராச்டேல் கழகத்தை, ராச்டேல் மைதானத்திலேயே, 3–2 என்று வென்றது. கூட்டுறவின் பிறப்பிடத்தில் கூட்டுறவுக் கழகம் பெற்ற வெற்றி அது. அடுத்த சுற்றில் பிரைட்டன் கழகத்தோடு மறு ஆட்டம் நடந்தபோது 6,731 பேர் திரண்டனர். ஆனால் சாதாரண லீக் ஆட்டங்களுக்கு வந்தோர் தொகை முன்போலவே ஏறக்குறைய 2,000 அளவிலேயே இருந்தது. திருவிழாக் கூட்டம் வேறு, வாரச்சந்தைக் கூட்டம் வேறு என்பதை வணிகர் அறிவர். கழகத்தைத் தாங்குவது வாரச்சந்தைக் கூட்டமே. பருவச் சீட்டு அக்கூட்டத்துக்கு உரியது.

அக்காலமெல்லாம் எஃப்.சி. யுனைடெட் பிறர் மைதானங்களில் வாடகைக்கே ஆடி வந்தது. சொந்த மைதானம் கட்ட எண்ணி, அங்கத்தினரிடமும் ஆதரவாளரிடமும் சமுதாயப் பங்குகள் விற்று ஏறக்குறைய 20 லட்சம் பவுண்டு திரட்டிற்று. பங்கு எத்தனை வாங்கினாலும் வாக்கு ஒன்றே என்ற விதியை அப்போதும் தளர்த்தவில்லை. மானியமும் கடனும் சேர்த்து 60 லட்சம் பவுண்டுக்கு மேல் செலவில், மாஸ்டன் என்னும் பகுதியில் 4,400 பேர் கூடக்கூடிய மைதானம் எழுந்து 2015ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்டது. புதிய இடத்தின் முதற்பருவத்தில் சராசரிக் கூட்டம் மீண்டும் 3,000ஐக் கடந்தது.

அத்துடன் கதையை மங்களமாக முடித்தல் நேர்மையாகாது. 2016ஆம் ஆண்டில் நிர்வாக சபைக்கும் அங்கத்தினருள் ஒரு சாராருக்கும் இடையே கருத்து வேறுபாடு முற்றிப் பலர் பதவி விலகினர். கூட்டம் மறுபடியும் குறைந்தது. 2019இல் அணி ஒரு படி கீழே இறங்கியது. கட்டடக் கடன் கழகத்துக்குச் சுமையாயிற்று. கூட்டுறவு என்ற பெயர்ப்பலகை சச்சரவையோ தோல்வியையோ தடுத்துவிடாது. ஆயினும் சச்சரவு நடந்தது சங்கத்துக்குள்ளே, தீர்க்கப்பட்டது வாக்குச்சீட்டால். மைதானத்தின் கதவு ஒரு நாளும் அங்கத்தினருக்கு அடைக்கப்படவில்லை. இவ்வொன்றின் அருமையை அறியவேண்டுமாயின் மூன்றாம் ஊருக்குச் செல்லவேண்டும்.

பரி நகரில் நடந்தது

ராச்டேலுக்கும் போல்டனுக்கும் நடுவே உள்ளது பரி நகரம். அதுவும் பஞ்சாலை ஊரே. 1885இல் தோன்றிய பரி கழகம் 1900இலும் 1903இலும் நாட்டின் தலைமைக் கோப்பையை வென்றது; 1894 முதல் லீக்கில் இடைவிடாது ஆடி வந்தது. கிக் லேன் என்பது அதன் மைதானம். எஃப்.சி. யுனைடெட் தன் தொடக்க ஆண்டுகளில் வாடகைக்கு ஆடிய இடங்களுள் தலையாயது இந்தக் கிக் லேனே. பிரைட்டனைக் காண 6,731 பேர் திரண்டதும் இங்கேதான்.

பரி கழகம் அங்கத்தினர்களின் உடைமையன்று, தனியொருவரின் உடைமை. வரவுக்கு மீறிய செலவால் கடன் பெருகிய நிலையில் 2018 டிசம்பரில் அது ஒரு பவுண்டு விலைக்குக் கைமாறிற்று. அடுத்த சில மாதங்களில் ஆட்டக்காரருக்குச் சம்பளம் தவறியது. அவர்களோ சம்பளமின்றியும் ஆடி, 2019 வசந்தத்தில் கழகத்தை மூன்றாம் பிரிவுக்கு ஏற்றினர். ஊர் மகிழ்ந்தது. பருவச் சீட்டு வாங்கி வைத்தவர்கள் ஆகஸ்டு மாதத்துக்குக் காத்திருந்தனர். ஆகஸ்டு வந்தது, ஆட்டம் வரவில்லை. கடனைத் தீர்ப்பதற்குரிய பணம் உண்டு என்பதை லீக்குக்கு மெய்ப்பிக்க இயலாததால் ஆட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒத்திவைக்கப்பட்டன.

2019 ஆகஸ்டு 27ஆம் நாள் காலை, கழகத்தை வேறொருவர் வாங்கப்போகிறார் என்ற நம்பிக்கையில், நூற்றுக்கணக்கான பரி மக்கள் துடைப்பமும் துணியும் வாளியுமாகக் கிக் லேனுக்கு வந்து இருக்கைகளைத் துடைத்து மைதானத்தைத் துப்புரவு செய்தனர். வாங்க வந்தவர் பின்வாங்கிவிட்டார். அன்றிரவே பரி கழகம் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. 125 ஆண்டுத் தொடர்பு ஒரே நாளில் அறுந்தது. காலையில் தாங்கள் துடைத்த இருக்கையில் அமர அவர்களுக்கு ஆட்டமில்லை. கையில் இருந்த சீட்டு வெறும் அட்டையாயிற்று.

அவர்கள் வாங்கிய சீட்டின் விலை மலிவா, மிகுதியா என்ற கேள்விக்கு அன்றிரவு பொருளில்லை. முன்பணத்தை நம்பிக் கொடுத்தவர்களுக்கு, அப்பணம் எங்கே போகிறது என்று கேட்க ஓர் இடமில்லை. கேட்கும் உரிமையும் இல்லை. அந்த உரிமையின் இன்மையே அவர்கள் கொடுத்த உண்மையான விலை.

பரி மக்கள் சோர்ந்து ஓய்ந்துவிடவில்லை. ரசிகர்கள் தாங்களே உடைமை கொள்ளும் வகையில் புதிய கழகம் ஒன்றை நிறுவி ஏணியின் கீழ்ப்படியிலிருந்து ஆடத் தொடங்கினர். அரசாங்கத்தின் சமுதாய உடைமை நிதியின் உதவியும் பெற்று 2022இல் கிக் லேன் மைதானம் மீட்கப்பட்டது. 2023இல் ரசிகர் சங்கங்கள் வாக்கெடுத்து ஒன்றாயின; பரி கழகம் என்ற பழம்பெயரோடு கிக் லேனில் மீண்டும் ஆட்டம் நடந்தது. ஒன்பதாம் படியில் ஆடிய அக்கழகத்தைக் காண மூவாயிரத்தைச் சுற்றி மக்கள் கூடினர்.

நமக்கு உரியது

இம்மூன்று ஊர்களின் அனுபவத்தையும் சேர்த்து நோக்கினால் நம் சங்கங்களுக்குச் சில உண்மைகள் தெளிவாகும்.

நம்மிடமும் காலி இருக்கைகள் உண்டு. சங்கக் கிடங்கில் சரக்கின்றிக் கிடக்கும் இடமும், வாடகைக்குப் போகாமல் நிற்கும் டிராக்டரும், ஓடாத சாயப்பட்டறைத் தொட்டியும் அத்தகையனவே. அவை நின்றாலும் செலவு நிற்பதில்லை. இன்றைய நாளை நாளைக்கு விற்கவும் இயலாது. இத்தகையவற்றுக்கு வாடகையை உயர்த்தி, வருகின்ற சிலரிடமே நட்டத்தை வசூலிப்பதைவிட, பருவம் முழுமைக்கும் மலிவான ஒரே கட்டணம் வைத்துப் பலரை முன்கூட்டி அழைப்பது மேல். ஆனால் பாதி விலைக்கு இரு மடங்கு பேர் வருவார்களா என்று ஊர் ஊராகக் கேட்டறிந்த பின்னரே அதில் இறங்கவேண்டும். எல்லாத் தொட்டியும் ஓடிக்கொண்டிருக்கும் பட்டறைக்கு இம்முறை வேண்டுவதில்லை.

இரண்டாவதாக, இயன்றதைக் கொடுங்கள் என்று கேட்கும் தகுதி எல்லோருக்கும் இல்லை. கணக்கைத் திறந்து காட்டும் சங்கமே அதைக் கேட்கலாம். குறைந்தபட்சத் தொகை ஒன்றை மகாசபை முடிவு செய்யவேண்டும்; குறைவாகக் கொடுப்பவர் பெயர் வெளிவராதபடி ஏற்பாடு வேண்டும். வறியவர் தலை குனிந்து பெறும் சலுகை கூட்டுறவாகாது.

மூன்றாவதாக, முன்பணம் என்பது பிறர் பணம். அங்கத்தினர் பருவத்துக்கு முன்னே கட்டிய தொகையைப் பழைய கடனைத் தீர்க்கவோ புதிய ஆடம்பரத்துக்கோ செலவிட்டுவிட்டு, பின்வரும் மாதங்களை வருங்கால வரவை நம்பி விடுதல் பெரும்பிழை. மாதம் தோறும் எவ்வளவு ஈட்டப்பட்டது, எவ்வளவு இன்னும் கடமையாக நிற்கிறது என்பதைத் தனிக் கணக்காக எழுதி நிர்வாக சபையின் முன் வைக்கவேண்டும்.

நான்காவதாக, பதிவேட்டில் உள்ள பெயர்களை மட்டும் எண்ணி நாம் மகிழ்ந்துவிடலாகாது. சீட்டு விற்ற தொகை வேறு, வாயிலைக் கடந்து வந்த தொகை வேறு. அங்கத்தினர் ஆயிரம் என்று அறிக்கையில் எழுதும் சங்கத்தில், சென்ற ஆண்டு நூலோ உரமோ வாங்கியவர் எத்தனை பேர், மகாசபைக்கு வந்து அமர்ந்தவர் எத்தனை பேர் என்ற எண்ணையும் அருகே எழுதிப் பார்த்தல் வேண்டும்.

பெரும்பாலான சங்கங்களில் ஆண்டு மகாசபை கூடுவது கணக்கை ஒப்புக்கொண்டு கலைவதற்கென்றே ஆகிவிட்டது. இவ்வாண்டேனும், அடுத்த பருவத்தின் கட்டணம் என்ன, முன்பணம் எந்தக் கணக்கில் நிற்கிறது என்னும் இரு கேள்விகளை அங்கத்தினர் எழுந்து கேட்பார்களாக. பரி நகரத்து மக்கள் துடைப்பத்தோடு வந்த நாளில் அவற்றைக் கேட்கக் காலம் கடந்துவிட்டிருந்தது. நமக்கு இன்னும் காலம் இருக்கிறது.